சும்மா இருக்க அனுமதி

சும்மா இருப்பதற்குச் சர்க்காரிடம் அனுமதி வாங்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சிரிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் மலைச்சரிவில் வீடு வாங்கிக் குடியேறுகிறவர்களுக்கு ஸ்பெயின் ஒரு வகைக் குடியிருப்பு அனுமதி தருகிறது. ஓய்வூதியமோ சேமிப்போ இருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும், இங்கே ஒரு வேலையும் பார்க்கக்கூடாது. பெனாஹாரா ஊரில் தபாலாபீஸுக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு கணினி, நாலு அலமாரி வைத்துக்கொண்டு அந்த மனுக்களை நான் தயார் செய்கிறேன். என் பெயர் விசிதாசியோன். ஊருக்கு விஸி. கிண்டல் செய்ய வேண்டுமென்றால் மட்டும் 'தோன்யா விஸி' என்று ரொம்ப மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த அனுமதி அளவெடுத்துத் தைத்ததுதான். மொட்டைமாடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வெயில் இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். 'எந்தத் தொழிலும் செய்யவில்லை' என்று அவர்களுக்காக நான் எழுதும் வரி சத்திய வாக்கு. க்ளெனிஸ் ஒருத்திதான் என் உயிரை வாங்கினாள்.

வேல்ஸ்காரி. இப்போது அறுபத்தேழு வயது. அங்கே ஒரு நகரத்துக்குக் குடிநீர் ஏற்றும் மோட்டார்களை நாற்பது வருஷம் பழுது பார்த்தவள். கல்யாணம் கிடையாது, குழந்தை கிடையாது. முதல் நாள் என் எதிரே உட்கார்ந்து, நான் நீட்டிய நிபந்தனைத் தாளை விரல் வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் வீட்டுக் குழாய் ஒழுகினா நானே சரி பண்ணலாமா?"

"உங்க வீடு, உங்க குழாய். தாராளமா பண்ணுங்க."

"பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினா?"

"அந்தப் பக்கம் திரும்பியே பாக்காதீங்க."

தலையாட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டலில் எனக்கு அன்றைக்கே நம்பிக்கை இல்லை.

அவள் வாங்கிய வீட்டோடு ஒரு துண்டு பாதாம் தோட்டமும், எட்டு நாளைக்கு ஒருமுறை மூன்று மணி நேரத் தண்ணீரும் சேர்ந்து வந்தன. பனி உருகி வரும் தண்ணீர் மேலேயிருந்து வாய்க்காலில்தான் எங்களுக்கு இறங்குகிறது. அந்த வாய்க்காலை மார்ச் மாதம் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் தூர் வார வேண்டும். தண்ணீரில் பங்குள்ள ஒவ்வொரு வீடும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. ஆள் அனுப்பாத வீடு அபராதம் கட்ட வேண்டும். என் தாத்தாவின் தாத்தா காலத்துக்கும் முந்திய வழக்கம் இது, யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதல் மார்ச்சில் நீர்பாய்ச்சி கசிமிரோ வாய்க்கால் தலைமாட்டில் நின்று வீடு வீடாகப் பெயர் வாசித்தார். எழுபது வயதாகிறது, காது மந்தம், குரல் மட்டும் குறையவில்லை. யார் யார் வீட்டுத் தோட்டத்துக்கு எப்போது மடை திறப்பது என்று முடிவு செய்பவர் அவர்தான். வீட்டின் பழைய சொந்தக்காரர் பெயரை அவர் வாசித்தபோது, "அந்த வீடு இப்ப என்னுது" என்று மண்வெட்டியோடு வந்து நின்றாள் க்ளெனிஸ். ஆண்கள் சிரித்தார்களாம். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சிரிப்பு நின்றுவிட்டதாம். சாயங்காலம் கசிமிரோ பட்டியலில் பழைய பெயரை அடித்துவிட்டு, அவள் பெயரைக் காதால் கேட்டபடி எழுதிக்கொண்டார். அவருக்குக் கேட்டது பாதிதான், எழுதியதும் பாதிதான்.

அடுத்து மோட்டார். கீழ்த்தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்தது. நகரத்திலிருந்து வந்த ஆள் புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். க்ளெனிஸ் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி அரைமணி நேரம் நின்றாள். "பேரிங் போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு" என்றாள். நாலாம் நாள் தண்ணீர் ஏறியது. ரொகேலியா, மதுக்கடை வைத்திருப்பவள், அன்றைக்கு எல்லோருக்கும் இலவசமாக ஊற்றினாள். ரொகேலியா இலவசமாக ஊற்றி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இது அலுவலகத்துக்குத் தெரிந்தால் அனுமதி போய்விடும். க்ளெனிஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"பக்கத்து வீட்டுக் குழாயைத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"மோட்டார்ல எனக்கும் பங்கு இருக்கு, விஸி. நான் பத்திரத்தைப் படிச்சேன், நீ படிச்சியா?"

எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள், ஊர்த்தலைவர் உட்பட. ஸ்பானிஷ் பேச்சைக் கற்றது வாய்க்காலில் நின்ற ஆண்களிடம், அதனால் அப்படி. நான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பங்கு இருந்தது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. இந்த ஜனவரியில் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஓய்வூதியக் கடிதம், காப்பீடு, ஊர்ப்பதிவு எல்லாம் சேர்த்து, ஒரு கறை இல்லாமல் மனுவை அனுப்பிவிட்டு, என் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கவே கூடாது.

பிப்ரவரியில் மாகாணத் தலைநகரத்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'மனுதாரர் தொடர்பாக வந்துள்ள இணைப்புக் கடிதத்தின்படி அவர் தொடர்ந்து வேலை செய்துவருவதாகத் தெரிகிறது. பத்து வேலை நாட்களுக்குள் விளக்கம் தரவும். தவறினால் மனு நிராகரிக்கப்படும்.' என்ன இணைப்புக் கடிதம்? நான் எதையும் இணைக்கவில்லையே! கணினியில் கோப்பைத் திறந்தேன். ஊராட்சி முத்திரை, வாய்க்கால் சங்க முத்திரை, கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து.

'எங்கள் ஊர் க்ளெனிஸ் அம்மாளை நாங்கள் மூன்று வருஷமாக அறிவோம். இந்த மூன்று வருஷத்தில் அவர் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. விடிந்தால் வேலையில் இருப்பார். வாய்க்காலில் பதினாலு நாள் தூர் வாரியிருக்கிறார். செத்த மோட்டாரை உயிர்ப்பித்திருக்கிறார். இவரைப் போல உழைக்கிற ஆள் எங்களில் இரண்டு பேர்கூட இல்லை. இப்படிப்பட்ட உழைப்பாளிக்கு அனுமதி மறுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம்.'

அடக் கடவுளே என்று நாற்காலியில் சாய்ந்தேன். பிறகு தாளை அச்செடுத்துக்கொண்டு ரொகேலியா கடைக்கு ஓடினேன். மத்தியான நேரம். கசிமிரோவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தட்டில் வறுத்த ரொட்டித்தூளும் மிளகாயும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரு எழுதினது இதை?"

"நல்லா இருக்குல்ல?" என்றாள் ரொகேலியா. முகமெல்லாம் பெருமை. "'செத்த மோட்டாரை உயிர்ப்பித்திருக்கிறார்', அது என் வரி."

"உன் வரியில கொள்ளி வைக்க! வேலையே செய்யாத ஆளுக்குத் தர்ற அனுமதிடி அது! வேலை செய்யிறாங்கன்னு முத்திரை குத்தி, பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கீங்க! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"தோன்யா விஸி கல்யாணத்துல பிஸி" என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

"அதில்ல, விஸி," என்றார் கசிமிரோ, "நீ எழுதினா சவசவன்னு எழுதுவே. ஓய்வூதியம் இவ்ளோ, காப்பீடு இவ்ளோன்னு. ஆளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை இருக்காது. அவங்களுக்கு எப்படித் தெரியும் இது எப்பேர்ப்பட்ட ஆளுன்னு?"

"அதுக்கு இப்படியா எழுதுறது?"

"பின்ன எப்படி எழுதச் சொல்றே? சோம்பேறின்னா? அப்படி எழுதிக் கீழ என் பேரைப் போடச் சொல்றியா? கையை வெட்டினாலும் போட மாட்டேன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த ஊரில் ஒரு மனுஷரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆக உயர்ந்த வார்த்தையை, 'உழைப்பாளி' என்பதை, அவர்கள் அந்த அம்மாளுக்குக் கொடுத்திருந்தார்கள். செத்தவர்களுக்குக்கூட அந்த வார்த்தையை லேசில் கொடுக்க மாட்டார்கள். அந்த ஒரே வார்த்தை அவளை நாட்டைவிட்டே துரத்தப்போகிறது.

க்ளெனிஸ் வீட்டுக்குப் போனேன். பாதாம் பூத்திருந்தது. அவள் கிளை வெட்டிக்கொண்டிருந்தாள். ஊர்க்கடிதத்தைக் கொடுத்தேன். படித்து முடித்து, இன்னொருமுறை படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். அலுவலகத்திலிருந்து வந்ததை நீட்டினேன். அதை ஒருமுறைதான் படித்தாள்.

"இதுக்கு வழி இருக்கு," என்றேன். "நீங்க ஒரு அறிக்கை கொடுங்க. வாய்க்காலுக்கு நான் போனதே இல்ல, ஊர்க்காரங்க பிரியத்துல மிகைப்படுத்திட்டாங்கன்னு. நான் எழுதித் தர்றேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"போனேனே."

"போனீங்க. போகலைன்னு சொல்லுங்க."

"பதினாலு நாள் போனேன். கசிமிரோ புத்தகத்துல இருக்கு. நான் போகலைன்னு சொன்னா, அந்த ஆள் பொய் எழுதினவர்னு ஆயிடும். நாப்பத்து மூணு பேரும் பொய்யர்னு ஆயிடும்."

"அவங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க! நீங்க இங்க இருக்கணும்னுதானே எழுதினாங்க!"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "விஸி, உனக்கு ஒண்ணு சொல்றேன். அங்க அறுபது வயசுல ஒரு கேக் வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க. அடுத்த திங்கக்கிழமை ஆறு மணிக்கு எழுந்து பூட்ஸ் போட்டுட்டு உக்காந்திருந்தேன். யாரும் கூப்பிடல. நாலு வருஷம் யாரும் கூப்பிடல. இங்க வந்த பிறகு மார்ச் மாசம் ஒரு மனுஷன் மலை மேல நின்னு என் பேரைக் கத்துறார். தப்பாத்தான் கத்துறார். ஆனா என்னைத்தான் கூப்பிடுறார். அதுக்கு நான் போகலைன்னு எழுதித் தரணுமா? அனுப்புறதா இருந்தா அனுப்பட்டும்."

தாள்களை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவள் பிடிவாதத்தை நினைத்து வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு பெருமையாக இருந்தது. முப்பது வருஷமாக ஜனங்களுக்காக மனு எழுதுகிறேன். ஒரு சின்னப் பொய் போதும் என்று நான் சொன்ன இடத்தில் வேண்டாம் என்று சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து கசிமிரோ வீட்டுக்குப் போய், வாய்க்கால் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். அதில் கூலி என்ற பேச்சே இல்லை என்று காட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக. பெரிய நீளமான புத்தகம். இடது பக்கம் வீட்டுப் பெயர்கள், வலது பக்கம் கட்டம் கட்டமாகப் பென்சில் சிலுவைகள். ஆள் வந்தால் சிலுவை. க்ளெனிஸ் பெயருக்கு நேரே வரிசையாகச் சிலுவை. புரட்டிக்கொண்டே போனேன். எல்லா வீட்டுக்கும் சிலுவை. ஒரே ஒரு வீட்டுக்கு நேரே மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் 'அபராதம்', 'அபராதம்', 'அபராதம்' என்று இருந்தது.

என் வீடு.

இருபத்திரண்டு வருஷம். அப்பா போன பிறகு ஒரு மார்ச்சில்கூட நான் போனதில்லை. முதுகுவலி கிடையாது, நேரமில்லாமலும் இல்லை. திமிர்தான், வேறென்ன. முத்திரையும் கையெழுத்தும் பழகிய கை சேற்றில் இறங்குவதா என்ற திமிர். பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவேன். கசிமிரோ என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நீங்க பேர் வாசிக்கும்போது என் வீட்டையும் வாசிப்பீங்களா?"

"முதல் ரெண்டு வருஷம் வாசிச்சேன். அப்புறம் எதுக்கு வாசிக்கணும்?"

எழுந்து போய்விடலாம் என்று புத்தகத்தை மூடினேன். மூடிய கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அபராதம்! வேலைக்கு வராவிட்டால் பணம் கட்ட வைக்கிற முதலாளி உலகத்தில் எங்கே இருக்கிறான்? சம்பளத்தைப் பிடிக்கலாம், வேலையைவிட்டு அனுப்பலாம். வராதவனிடம் போய்க் காசு வாங்க முடியுமா? அப்படியென்றால் இது உத்தியோகமே இல்லை. வீட்டோடு வந்த கடமை. வீட்டு வரி மாதிரி. மற்றவர்கள் உடம்பால் கட்டுகிறார்கள், நான் பணத்தால் கட்டியிருக்கிறேன். அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஊரிலேயே ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு ரசீதும் என் அலமாரியில் தேதிவாரியாக இருந்தன.

மறுநாள் தலைநகரத்து அலுவலகத்துக்குக் கிளம்பினோம். புத்தகம் ஊரைவிட்டுப் போகக்கூடாது, போனால் தானும் கூடப் போக வேண்டும் என்று கசிமிரோ ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். புத்தகத்தைத் தலையணை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். பேருந்தில் இரண்டு மணி நேரம் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். நான் எழுதிக் கொண்டுபோனதைப் படித்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கசிமிரோவைப் பார்த்தாள்.

"வேலைக்கு வராதவங்க பணம் கட்டணுமா?"

"என்னது?"

"வராதவங்க பணம் கட்டணுமான்னு கேக்குறேன்!"

"ஆமாம்மா. கட்டணும்."

"வந்தவங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

"வந்தவங்களுக்குத் தண்ணி."

"அப்போ அந்த மோட்டார்?"

"அதுல அவங்களுக்கும் பங்கு இருக்கு," என்று பத்திரத்தை எடுத்துப் போட்டேன். "சொந்த வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ண அனுமதி வேணுமா?"

புத்தகத்தைப் புரட்டினாள். "இந்த அபராதம் எல்லாம் எழுதி வெச்சதோட சரியா, இல்ல நிஜமாவே யாராவது கட்டியிருக்காங்களா?"

ரசீதுக் கட்டை நகர்த்தினேன். முதல் ரசீதில் இருந்த பெயரைப் பார்த்தாள். என் மனுவில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"இருபத்திரண்டு வருஷமாவா? அறுபத்தேழு வயசுல வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க போயிருக்காங்க. நீங்க ஏன் போகல?"

"அந்தக் கேள்வி உங்க படிவத்துல எங்க இருக்கு?" என்றேன். காது சுட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ரசீதாக நகல் எடுத்தாள். "கோப்புல சேர்க்கிறேன். முடிவு என் கையில இல்ல" என்றாள்.

அதன் பிறகு மூன்று வாரம். க்ளெனிஸ் புலம்பவில்லை, அழவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மோட்டாரைப் படம் படமாக வரைந்தாள். எங்கே எண்ணெய் விடுவது, எந்தத் திருகை எத்தனை சுற்று, எந்தச் சத்தம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். கசிமிரோவுக்குக் காது கேட்காது என்பதால் சத்தத்துக்குப் பதில் கையை வைத்துப் பார்க்கும் அதிர்வையும் குறித்திருந்தாள். தான் போய்விட்டால் தண்ணீர் நிற்கக்கூடாதாம். அந்த நோட்டை ரொகேலியா கடையில் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன பெண்மணி அவள்!

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, முடிவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு அனுமதி. கடைசி வரி எப்போதும் போல, 'இந்த அனுமதியின்படி வேலை செய்ய உரிமை இல்லை.' செருப்பைக்கூட மாற்றாமல் மேட்டுத் தெருவில் ஓடினேன். க்ளெனிஸ் தாளை விரல் வைத்துக் கடைசி வரிவரை படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உப்புத்தாள் மாதிரிக் கை. கொஞ்ச நேரம் விடவில்லை.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தூர் வாருறாங்க?" என்றாள்.

"ஏழு மணிக்கு," என்றேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வாய்க்கால் தலைமாட்டில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். குளிர். நான் அப்பாவின் மண்வெட்டியோடு எல்லோருக்கும் பின்னால் நின்றேன். "இங்க மனு எதுவும் எழுதலையே, தோன்யா விஸி?" என்றான் ஒருவன். கசிமிரோ கல் மேல் ஏறி வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வீடாகக் குரல் கொடுத்தது. "க்ளேனி!" என்று கத்தினார். "இருக்கேன்!" என்றாள் அவள். அடுத்தது என் வீடு இருந்த வரி. கசிமிரோவின் பென்சில் பழக்கத்தில் அதைத் தாண்டிக் கீழே போனது.

"ஒரு வீட்டை விட்டுட்டீங்க!" என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்கவில்லை. க்ளெனிஸ் போய் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, புத்தகத்தில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். கூட்டத்தில் என்னைத் தேடினார். பிறகு நிமிர்ந்து, மலை முழுக்கக் கேட்கும்படி, இருபது வருஷத்துக்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்.

"விசிதாசியோன்!"

"இருக்கேன்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"சத்தமா சொல்லு, விஸி," என்றாள் க்ளெனிஸ், "அவருக்குக் காது கேக்காது."

"இருக்கேன்!" என்றேன். கசிமிரோ பென்சில் நுனியை நாக்கில் தொட்டு ஒரு சிலுவை போட்டார்.